ஒரு டிரம்முக்கு ஒரு மூடி

அந்த வருடம் எங்கள் துரியன் தோட்டம் பூத்ததை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அடிக்கிளையிலிருந்து நுனிவரை பட்டை தெரியாமல் கொத்துக்கொத்தாகப் பூ. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, அண்ணாந்து பார்த்துச் சப்புக்கொட்டினார்கள். "விச்சியன் மேல இருந்து கவனிச்சுக்கிறான்" என்றார்கள். விச்சியன் என் கணவர். மழைக்காலம் முடியும் நேரத்தில் ஈரல் நோயில் போய்ச் சேர்ந்தவர். செத்தும் அவருக்கு ஓய்வு கொடுக்க மாட்டார்கள் போல என்று எரிச்சல் வந்தாலும், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அந்தப் பூ வேண்டியிருந்தது. அவர் போன ஏழாம் நாள், பிக்குகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவக்கூட இல்லை, என் மாமியார் கிம்ஹுவாய் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். அவர் சந்தபுரி ரத்தினக்கல் சந்தையில் முப்பது வருடம் தரகு பார்த்தவர். அங்கே வாயால் சொன்ன விலைதான் விலை. எழுதிக் கேட்டால் அவமானம். அதே குரலில் என்னைப் பார்த்துப் பேசினார்.

"தோட்டம் என் பேர்ல இருக்கு. துவான், இந்த ஒரு விளைச்சலை நீ எடுத்துக் காட்டு. பழம் லாரி ஏறிட்டா தோட்டம் உன்னுது, பத்திரத்தை மாத்திக் கொடுத்துடறேன். ஏறலைன்னா சாவியைப் பெரியவன்கிட்ட கொடுத்துடு."

பெரியவன் என்றால் அவருடைய மூத்த மகன் பிரச்சுவாப். ஊருக்கு அந்தப் பக்கம் முந்நூறு மரம் வைத்திருக்கிறவர். அவர் பல் குத்திக்கொண்டே, "துரியன் மரம் பொம்பளைக்கு அடங்காது துவான். ஏணி வேணும்னா சொல்லு, அனுப்பறேன்" என்றார்.

"குழி தோண்டினப்ப உங்க ஏணியைக் கேட்டேனா அத்தான்?" என்றேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குழிகளில் பாதி நான் தோண்டியவை. கல்யாணமான மறுவருடம், பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு நானும் விச்சியனும் நட்ட கன்றுகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நூற்றுக்கு மேல் மரம் இருந்தது, அதைத்தான் வளர்த்தோம். ஆகவே மாமியார் சொன்னதற்குத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பூ காயாகி, காய் கைமுட்டி அளவுக்கு வந்தது. நல்ல காய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழித்தும் கிளை தாங்காத பாரம். ஏற்றுமதிக் கொட்டகைக்காரர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, "வேற யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க" என்று என்னிடம் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குக் காவல் சாமி மாடத்தில் படையலாகச் சிவப்பு சோடா ஒன்றுக்கு இரண்டாக வைத்தேன்.

மறுநாள் வுத்தி மரத்தின் மேலிருந்து கூப்பிட்டான். அவன் கம்போடிய எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கெமர்க்காரன். ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறான். காய் பாரத்துக்குக் கிளைகளைக் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த மரம் இலை விட மறந்திருச்சு."

"காய் இருக்கும்போது இலை விட்டா காய் கொட்டும். விடாம இருக்கறது நல்லதுதானே?"

"அது சரி. ஆனா பழைய இலையையும் பாருங்க."

ஒரு சுள்ளியை ஒடித்துப் போட்டான். எடுத்துப் பார்த்தேன். விரல் நீளத்தில் நான்கு இலை இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி, துடைப்பக்கட்டை நுனி மாதிரி நின்றன. ஒவ்வொன்றும் சிறுத்து, கரண்டி போலக் குழிந்து, தொட்டால் மொறுமொறுத்தது. கத்தியால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை இருக்க வேண்டும். வெளுத்துப்போயிருந்தது.

அடுத்த மரமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஓடை ஓரத்து மரத்தின் உச்சி முழுக்கக் காய்ந்து குச்சியாக நின்றது. கீழே அவ்வளவு காயையும் சுமந்துகொண்டு மேலே செத்துக்கொண்டிருந்தது.

பார்த்த உடனே காரணம் தெரிந்துவிட்டது. மரத்தின் குருத்துக்குள் அதை நீளச் சொல்லும் சாறு ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும். ஜிப்பரலின் என்று பேர். பாக்லோ என்று ஒரு மருந்து உண்டு. அதைத் தூரில் ஊற்றினால் அந்தச் சாறு ஊறுவது நின்றுவிடும். வளர வழியில்லாத மரம், இனி நமக்கு நாள் இல்லை என்று பயந்து பூத்துத் தள்ளும். ஊரில் யாரிடமும் காய் இல்லாத நேரத்தில் நம்மிடம் காய் இருக்கும். எங்கள் பக்கம் பாக்லோ ஊற்றாத ஆள் கிடையாது. ஊற்றினேன் என்று ஒப்புக்கொள்ளும் ஆளும் கிடையாது. எந்த மரத்துக்கு, எப்போது, எவ்வளவு என்பதைக் கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். பூ வந்ததும் 'எல்லாம் சாமி புண்ணியம்' என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். கேட்பதும் மரியாதை இல்லை.

"இறங்கு கீழே" என்றேன். வுத்தி இறங்கினான்.

"யாரு ஊத்தினா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வுத்தி, நான் உன்னைத் திட்டறதுக்குக் கேக்கலை. மரம் சாகுது."

"அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி. நானும் அவரும் சேர்ந்துதான் ஊத்தினோம். உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை இவ்வளவு நாளா கட்டிக் காப்பாத்துறியா?"

"சத்தியம் பண்ணும்போது அவரு சாகலையே, அக்கா."

"அளவு?" என்றேன்.

"அளவாத்தான். அண்ணன் அதுல கறார். மரத்தைச் சுத்தி அளந்து பாத்துத்தான் ஊத்தினாரு. அதுக்கு இப்படி ஆகாதுக்கா."

அவன் சொன்னது சரி. விச்சியன் உப்பைக்கூட எண்ணிப் போடுகிற மனிதர். அப்படியானால் இன்னொரு கை இதில் இருக்கிறது. விச்சியனோடு நான் பாங்காக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வுத்தியும் முன்னோர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். அந்த நாட்களில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது ஒரே ஆள்.

பிரச்சுவாப் வீட்டு வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தி இறங்கியதும், "என்ன, கொட்டகைக்காரன் காலைப் பிடிச்சானாமே" என்றார்.

"அத்தான், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். என் தோட்டத்துல பாக்லோ ஊத்தினீங்களா?"

அவர் முகம் மாறியது. "யாரு என்ன ஊத்தினான்னு கேக்கற வழக்கம் நம்ம ஊர்ல கிடையாது துவான்."

"உச்சி காயுது. பட்டைக்குள்ள பச்சை இல்லை."

குழாய்த் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கவனிக்கவில்லை. பிறகு போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"தம்பி படுத்துட்டான். வருஷம் வீணாப் போயிடக் கூடாதேன்னு ஊத்தினேன். திரும்பி வந்து பூவைப் பாத்தான்னா எந்திரிச்சு உக்காந்துடுவான்னு ஒரு நெனப்பு."

"அவரும் ஊத்திட்டுத்தான் போனாரு."

பிரச்சுவாப் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பிரச்சுவாப் கடைசியாக வந்து பார்த்தபோது ஆஸ்பத்திரி அறையில் மூன்று மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். குத்துச்சண்டையைப் பற்றிப் பேசினார்கள், ஆப்பிள் உரித்துச் சாப்பிட்டார்கள். இதை மட்டும் பேசவில்லை. எனக்கு இருவரையும் சேர்த்து அறையலாம் போல இருந்தது. ஒருத்தர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்.

"நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாவே ஊத்தினேன்" என்றார் மெதுவாக. "மழை அதிகம், அடிச்சிட்டுப் போயிடும்னு."

அவரே தொடர்ந்தார்.

"காயை விட்டுடு துவான். ஜிப்பர் அடி. நின்னுபோன சாறுதான் பாட்டில்ல வருது, அடிச்சா மரம் முழிச்சுக்கும். இலை விட்டுதுன்னா பொழைச்சுக்கும்."

"இலை விட்டா காய் பூரா கொட்டிடும்."

"கொட்டும். காயோட விட்டா, பழம் பழுத்து இறங்கும்போது மரமும் சேர்ந்து இறங்கிடும்."

"காய் கொட்டினா தோட்டம் உங்களுக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு அத்தான்" என்றேன்.

"எப்படி வேணாலும் நெனச்சுக்கோ. எனக்குத் தோணினதைச் சொல்லிட்டேன்" என்று எழுந்து உள்ளே போனார். கழுவிய லாரியில் பாதி சேறாகவே நின்றது.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்னது உண்மையாக இருந்தால், காயைக் காப்பாற்றினால் தோட்டம் என்னுடையது, மரம் இல்லாத தோட்டம். மரத்தைக் காப்பாற்றினால் தோட்டம் அவருடையது. அவர் சொன்னது பொய்யாக இருந்தால் நான் என் கையாலேயே என் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்கிறேன். அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அவர் வாயை நம்புவதா, என் கண்ணை நம்புவதா? கண்ணைத்தான் நம்புவது என்று முடிவு செய்தேன்.

மோட்டார் அறைக்குப் பக்கத்து மரத்தில் ஒரே ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தேன். சின்னக் கைத்தெளிப்பானில் ஜிப்பரைக் கரைத்து, அந்தக் கிளை நுனிகளில் மட்டும் படும்படி தெளித்தேன். மற்ற கிளைகளில் ஒரு சொட்டுப் படாமல் வுத்தி சாக்கைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் அந்தக் கிளைக்கடியில் போய் நிற்பேன். வுத்தி ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு கோப்பைக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். அது ஆறி எறும்பு மொய்க்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆனபின் ஒரு காலையில் நுனியில் ஊசிபோல என்னவோ தெரிந்தது. அன்று மாலைக்குள் அது பிரிந்தது. செம்பு நிறத்தில், இரண்டாக மடிந்த குட்டி இலை. மறுநாள் கிளை முழுக்க. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மரம் இன்னும் சாகவில்லை, எழுப்பினால் எழும் என்று அந்த இலை சொன்னதே போதும்.

அதற்கு மறுநாள் தொப்பென்று ஒரு சத்தம். அந்தக் கிளையின் காய் ஒன்று கீழே கிடந்தது. காம்பு பழுத்து மஞ்சளாகி, அது சேரும் இடத்தில் சுத்தமாக விட்டிருந்தது. அந்த வாரத்துக்குள் அந்தக் கிளையில் ஒரு காய்கூட மிஞ்சவில்லை. மற்ற கிளைகளின் காய்கள் அசையாமல் தொங்கின. அந்தக் கிளைகளின் இலைகள் இன்னும் கொஞ்சம் பழுத்தன. ஓடை ஓரத்து மரத்தில் இரண்டாவது கிளையும் காய ஆரம்பித்தது.

பிரச்சுவாப் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமியாருக்குப் போன் செய்தேன். மருந்து கூடிப்போயிற்று, காயோடு விட்டால் மரம் போய்விடும், ஒரு வருடம் தவணை கொடுங்கள் என்றேன். யார் ஊற்றினார்கள் என்பதைச் சொல்லவில்லை. செத்த மகனைப் பற்றித் தாயிடம் போனில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மழை, புழு, மருந்து, எல்லாத் தோட்டத்துலயும் உண்டு துவான்" என்றார். "சந்தையில கல்லை வாங்கினப்புறம் வெளிச்சம் சரியில்லைன்னு சொல்றவனை நான் மதிச்சதே இல்லை. பழம் லாரி ஏறுதா இல்லையா?"

"பாக்கறேன் அத்தை" என்று போனை வைத்தேன்.

பாதி மரத்தைக் காப்பாற்றி, பாதியை விட்டுவிட்டால் என்ன? பாதி விளைச்சலும் விளைச்சல்தானே, லாரி ஏறினால் போதுமே என்று தோன்றியது. அந்த யோசனை வந்ததும் உடம்பில் தெம்பு வந்தது. விச்சியனின் பழைய சிவப்புச் சட்டையைக் கிழித்து நாடாக்களாக எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். நாடா கட்டிய மரம் காயோடு நிற்கும்; அதற்கு ஜிப்பர் கிடையாது. எப்படியும் பிழைக்காத மரமாகப் பார்த்துக் கட்டுவது என்று திட்டம்.

ஓடை ஓரத்து மரத்துக்கு முதலில் கட்டினேன். அது சுலபம். இரண்டாவதற்கும் கட்டினேன். மூன்றாவது மரத்தை, வெள்ளம் வந்த வருடம் நானும் விச்சியனும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தோம். அதற்கும் கட்டினேன். நான்காவதில் கட்டி முடித்துப் பார்த்தால், புதுக்குருத்து விடத் தயாராக ஒரு கணு லேசாகப் புடைத்திருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதா, உண்மையிலேயே புடைத்திருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. ஐந்தாவது மரத்தடியில் நின்றேன். கை போகவில்லை. எது சாகட்டும் என்று நான் விரல் நீட்டிக்கொண்டு நடக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கட்டிய நான்கையும் அவிழ்த்தேன். கோபத்தில் நாடாக்களை ஓடையில் எறிந்தேன்.

"வுத்தி, நாளைக்கு விடியக்காலை பெரிய டிரம்மை நிரப்பி வை. எல்லா மரத்துக்கும் ஜிப்பர்."

அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். "அக்கா, இதை அடிச்சா தோட்டம் போயிடும். நீங்களும் போயிடுவீங்க. பெரியவரு வந்தா என்னை வச்சுக்கவும் மாட்டாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"குழாயை இழுக்கறியா, நானே இழுத்துக்கட்டுமா?"

இழுத்தான். பனி விலகுவதற்கு முன்னால் தொடங்கினோம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தெளிப்புக்குழலை நான் பிடிக்க, அவன் பின்னால் குழாயைச் சுமந்து வந்தான். புகைபோல மருந்து உச்சி வரை ஏறி, காய்களின் முள்ளில் முத்து முத்தாக நின்று சொட்டியது. பார்க்க அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. கடைசி மரத்தை முடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டி வைத்தோம்.

இலைகள் வந்தன. எல்லா மரத்திலும் இல்லை, ஆனால் பெரும்பாலானவற்றில் வந்தன. பிறகு காய் விழத் தொடங்கியது. சமையல் செய்யும்போது விழும், குளிக்கும்போது விழும், பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சின் நடுவில் விழும். தொப், தொப். தோட்டம் முழுக்க அழுகல் வாடை. கொட்டகைக்காரர் வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, கும்பிடு போடாமல் திரும்பிப் போனார். வேலியோரம் வண்டி நிறுத்தியவர்கள், "புருஷன் போனதுல புத்தி பேதலிச்சிருச்சு" என்று எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். முன்பு விச்சியனை மேலே உட்காரவைத்த அதே வாய்கள்.

மாமியார் ஒரு காலையில் பிரச்சுவாப் லாரியில் வந்து இறங்கினார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, விழுந்து கிடந்த காய்களுக்கு நடுவே செருப்பை ஒதுக்கி ஒதுக்கி வைத்து ஒரு சுற்று நடந்தார். பிரச்சுவாப் பின்னால் நடந்தார். அவர் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு வந்தார். செம்பு நிறத் துளிரை ஓர் இடத்தில் எட்டித் தொட்டதைக் கவனித்தேன்.

"யாரு பண்ணின வேலை?" என்று மாமியார் கேட்டார்.

"ஜிப்பர் அடிச்சது நான்தான் அத்தை."

"அதைக் கேக்கலை. மருந்து கூடிப்போச்சுன்னு சொன்னியே, அது யாரு?"

நான் பிரச்சுவாப்பைப் பார்த்தேன். இந்த மனிதர் வாயைத் திறக்காவிட்டால் நான் திறப்பது என்று முடிவோடு இருந்தேன். அவரே முன்னால் வந்தார்.

"நான் ஊத்தினேம்மா. தம்பி முன்னாடியே ஊத்தியிருக்கான். எனக்குத் தெரியாது. துவானுக்கு ரெண்டுமே தெரியாது."

மாமியார் குடையை மடக்கினார். வெயில் முகத்தில் அடித்தது. அவர் வாய் லேசாக அசைந்தது; விச்சியனின் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது. தோட்டம் தங்கிவிடுமோ என்று எனக்குள் எங்கோ ஒரு மூலையில் ஆசை எட்டிப் பார்த்தது.

"உன்மேல தப்பில்லை" என்றார் என்னிடம். "ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். சாவியைக் கொடு."

"அத்தை, மரம் பொழைச்சிருக்கு. பாருங்க."

"பாத்தேன். நான் குருடி இல்லை." அவர் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது. "உனக்குப் பிள்ளை இல்லை துவான். வயசு இருக்கு. நாளைக்கே இன்னொருத்தன் வருவான், வந்தா தப்பும் இல்லை. நிலம் அவன்கூடப் போயிடும். என்னை என்ன பண்ணச் சொல்றே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லாரி நிறையப் பழம் ஏற்றியிருந்தாலும் இவர் மனசு ஒப்பி எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஏழாம் நாளே மனதுக்குள் பத்திரம் முடிந்துவிட்டது. அத்தனை விடியலிலும் அந்தக் கிளைக்கடியில் நின்று நான் பட்ட தவிப்பு என் ஒருத்திக்குத்தான்; அவருக்கு அது கணக்கே இல்லை. மோட்டார் அறைச் சாவியை இடுப்பிலிருந்து உருவி, அவர் கையில் கொடுக்காமல் பிரச்சுவாப்பின் கையில் திணித்தேன்.

"நாளை மறுநாள் ரெண்டாவது தடவை ஜிப்பர் அடிக்கணும் அத்தான். விட்டா துளிர் பாதியில நின்னுடும். டிரம்முக்கு எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க."

அவர் திகைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வண்டிகள் நின்றிருந்தன, காதைத் தீட்டிக்கொண்டு. எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லாத கணக்கு அது. நான் அவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"ஒரு டிரம்முக்கு ஒரு மூடி. சிவப்பு மூடி. வழிய வழிய இல்லை, உள்ளே இருக்கற கோடு வரைக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்றே?" என்றார் பிரச்சுவாப்.

"மரம் பத்திரத்துல யாரு பேர் இருக்குன்னு பாத்துட்டா குடிக்குது?"

அவர் தலையாட்டினார். மோட்டார் அறை வாசலில் இருந்த ஜிப்பர் பாட்டிலை எடுத்து, சிவப்பு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், "ஓடை ஓரத்து மரத்துக்கு மட்டும் ஒண்ணரையா விட்டா சீக்கிரம்..." என்று ஆரம்பித்தார்.

மூடியை அவர் கையிலிருந்து தட்டிவிட்டேன். அது உருண்டுபோய் அழுகிய காய் ஒன்றின் மேல் மோதி நின்றது. மாமியார் "துவான்" என்றார். நான் திரும்பவில்லை.

"ஒண்ணரை இல்லை. ஒண்ணேகால் இல்லை. கூடுதலா ஊத்தித்தானே இந்தக் கதி? சொல்லுங்க, எவ்வளவு?"

ஐம்பது வயது மனிதர். முந்நூறு மரத்துக்குச் சொந்தக்காரர். தன் தாயின் முன்னால், வுத்தியின் முன்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் முன்னால், தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு டிரம்முக்கு ஒரு மூடி."

"எது வரைக்கும்?"

"கோடு வரைக்கும்."

"இன்னொரு தடவை."

சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தேன். அதற்குள் அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியிருந்தது. அது அவமானத்தாலா தம்பியை நினைத்தா என்று நான் கேட்கவில்லை. வுத்தி போய் மூடியை எடுத்து, சட்டையில் துடைத்து, அவர் கையில் வைத்தான்.

என் துணிமணிகள் இரண்டு பையில் அடங்கிவிட்டன. பக்கத்து மாகாணமான டிராட்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குத்தான் போக வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிரச்சுவாப் முதல் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்த அளவைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால்வாய்ப் பாலம் தாண்டும்வரை நான் அழவில்லை. அதற்கப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.